இக்னோ எம்.பி.ஏ.வா, வார இறுதி வகுப்பா?

வேலையை விடாமல் எம்.பி.ஏ. படிக்க நினைக்கும் சென்னைக்காரருக்கு இரண்டு வழிகள். ஒன்று, இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போன்ற தொலைநிலைப் படிப்பு. இன்னொன்று, மாலையிலோ சனி ஞாயிறிலோ வகுப்பில் போய் உட்காரும் பகுதிநேரப் படிப்பு. பெரும்பாலும் கட்டணத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: இப்போது இருக்கும் இடத்திலேயே மேலே போகப் பட்டம் வேண்டுமா, அல்லது வேறு வேலைக்குத் தாவ வேண்டுமா?

இருக்கும் இடத்திலேயே என்றால் என் ஓட்டு இக்னோவுக்குத்தான். அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம், வங்கி போன்ற இடங்களில் பதவி உயர்வு விதி பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள்படி, அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடியாகக் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டமும் சமம். மொத்தப் படிப்பும் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். இதே காரியத்துக்குப் பல லட்சம் கடன் வாங்குவதில் அர்த்தமில்லை.

ஆனால் இக்னோ எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் இரண்டு செமஸ்டரில் தலா ஏழு தாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு அசைன்மென்ட், அதற்கு 30 சதவீத மதிப்பெண். மீதி 70 தேர்வுக்கு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். அசைன்மென்ட் கொடுக்கக் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் 30, அக்டோபர் 31. இந்த இரண்டு தேதிகளையும் உங்கள் வேலைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மார்ச் முடிந்து இயர் எண்ட் வேலை கழுத்தை நெரிக்கும் நேரத்தில் ஏப்ரல் 30 வரும். தி.நகர் ஜவுளிக்கடையில் மேலாளராக இருப்பவருக்கு அக்டோபர் 31 என்றால் தீபாவளி சீசன். ராத்திரி பதினோரு மணிக்குக் கடையை மூடிவிட்டு வந்து, ஏ4 தாளில் பக்கம் பக்கமாகக் கையால் எழுத வேண்டும். யாரும் ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டார்கள். அங்கேதான் பலர் நின்றுபோகிறார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு என்றாலும், முடிக்க நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. இரண்டே ஆண்டில் முடித்தே தீருவேன் என்று ஏழு தாளையும் ஒன்றாக எழுதப் போய் எல்லாவற்றிலும் சறுக்குவதைவிட, தடவைக்கு மூன்று நான்கு தாளை ஒழுங்காக எழுதிக்கொண்டு போவது மேல். பதவி உயர்வுக்கு மூன்றாம் ஆண்டில் வாங்கிய பட்டமும் அதே பட்டம்தான்.

சரி, வேறு வேலைக்குத் தாவ வேண்டும் என்பவருக்கு? அவருக்கு வகுப்பறை தேவை. நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி வளாகத்தில் இருக்கும் லிபா, 1979-ல் தொடங்கிய பழைய மேலாண்மை நிறுவனம். திருச்சி ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) சென்னையில் வார இறுதி வகுப்பு நடத்தி வருகிறது. ஓசூரில் வேலை பார்ப்பவருக்குச் சென்னையைவிடப் பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் பெங்களூரு ஐ.ஐ.எம். பக்கம்.

இப்படி வகுப்பறைக்குக் கொடுக்கும் லட்சங்களுக்கு என்ன கிடைக்கிறது? பாடம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூட உட்கார்ந்திருக்கும் ஆட்கள் வேறு. ஓர் உதாரணம்: சரக்கிருப்பைக் குறைப்பது பற்றி ஒரு வகுப்பு. கையிருப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு லாபம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, 2015 வெள்ளத்தில் லாரி வராமல் உற்பத்தி லைன் நின்றதையும், வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு என்ன பதில் சொல்வதென்று திணறியதையும் விவரித்தார். உடனே பக்கத்து பெஞ்சில் இருந்த வங்கி அதிகாரி, கூடுதல் சரக்குக்கு நடைமுறை மூலதனக் கடன் (அன்றாடத் தொழில் செலவுக்கான கடன்) கேட்டால் தான் எதையெல்லாம் பார்ப்பேன் என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த அரைமணி நேரத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது. அப்புறம் வேலை மாறும்போது, உங்கள் பெயரைத் தங்கள் நிறுவனத்தில் சொல்லப்போவதும் இப்படிக் கூட உட்கார்ந்த ஆட்கள்தான்.

இதற்கு விலையும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு வார இறுதி உங்களுடையதல்ல. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்து வேறொருவர்தான் போக வேண்டும். வருகைப்பதிவு கட்டாயம் என்பதால் ஷிஃப்ட் வேலைக்காரருக்கு இது ஒத்துவராது. பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) ஆறு மணிக்கு வேலை முடிப்பவர் மாலை வகுப்புக்கு நுங்கம்பாக்கம் வந்து சேருவதற்குள் பாதிப் பாடம் போய்விடும். அவருக்கு வார இறுதி வகுப்பே சரி.

இரண்டிலும் சேருமுன் ஒரு சரிபார்ப்பு. தொலைநிலை என்றால், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமல்ல, நீங்கள் சேரும் அதே படிப்பும் அதே பருவமும் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பறை என்றால், தனி மேலாண்மை நிறுவனங்கள் தருவது பி.ஜி.டி.எம். என்ற பட்டயம்; அது எம்.பி.ஏ. பட்டத்துக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். ஐ.ஐ.எம்.களுக்கே பட்டம் வழங்கும் அதிகாரம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால்தான் கிடைத்தது.

ஆன்லைன் நிறுவனங்கள் பெரிய கல்லூரிப் பெயரைப் போட்டு விற்கும் சில மாதச் சான்றிதழ் படிப்புகளை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. ஒரு குறிப்பிட்ட திறனைக் கற்க அவை உதவலாம்; பட்டம் கேட்கும் இடத்தில் அவை செல்லாது.

அலுவலகமே கட்டணம் தரும் என்றால், ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று படித்துப் பாருங்கள். அங்கேயே மேலே போகப் பார்ப்பவர் தயங்காமல் கையெழுத்துப் போடலாம். தாவ நினைப்பவர் கல்விக் கடன் வாங்கியாவது தன் பணத்தில் படிக்கட்டும்.