பச்சைப்புழு போச்சு, பருத்திமார் போகவில்லை: பி.டி. பருத்தியோடு என் அனுபவம்

"மாமா, பி.டி. பருத்தி நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று மச்சான் கேட்கிறார். திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது, ஆவணிக்கு என்ன போடுவது என்று யோசனை. பி.டி. பருத்தி என்றால் காய்ப்புழுவைக் கொல்லும் ஜீனைச் செடிக்குள்ளேயே வைத்த மரபணு மாற்றுப் பருத்தி. ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். பல வருஷமாகப் போட்டு வருகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பாக்கெட்டில் எத்தனை கிராம், என்ன இடைவெளி, ஏக்கருக்கு எத்தனை பாக்கெட் என்பதெல்லாம் விதைக்கடை பேனரிலேயே இருக்கும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன்.

பச்சைக் காய்ப்புழு. இப்போது இருபது, இருபத்தைந்து வயதில் இருக்கும் பையன்களுக்கு இந்தப் பேரே தெரியாது. தொண்ணூறுகளில் எங்கள் கொல்லையில் பருத்தி என்றாலே அதுதான். சப்பையில், அதாவது பூ மொட்டில், தலையை விட்டுக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டியபடி தின்றுகொண்டிருக்கும். ஒரு காயை முழுதாகத் தின்னாது. ஓட்டை போட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போய்விடும். அப்பா மோனோகுரோட்டோபாஸ் அடிப்பார், எண்டோசல்பான் அடிப்பார், சைப்பர்மெத்ரின் அடிப்பார், கடைசியில் மூன்றையும் கலந்து அடிப்பார். மருந்து அடித்த சட்டையை அம்மா மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக வேலியில் போட்டு வைப்பாள். அப்போதெல்லாம் நாட்டின் சாகுபடிப் பரப்பில் பருத்தி 5 சதவீதம்கூடத் தேறாது. விற்கும் பூச்சிமருந்திலோ ஏறக்குறைய பாதி பருத்திக்குத்தான் போனது. அவ்வளவு அடித்தும் புழு சாகவில்லை.

2002 மார்ச்சில் மத்திய அரசு மஹிகோ-மான்சான்டோவின் மூன்று ஒட்டு ரகங்களுக்கு (இரண்டு ரகத்தைச் சேர்த்து எடுக்கும் ஹைபிரிட் விதை) அனுமதி கொடுத்தது. எங்கள் பக்கம் பரவச் சில வருஷம் ஆனது. போட்ட முதல் வருஷமே வித்தியாசம் தெரிந்தது. விளைச்சலைச் சொல்லவில்லை, அதற்கு மழையும் வேண்டும். காய்ப்புழுவுக்காக டேங்கைத் தோளில் மாட்டும் வேலையே இல்லாமல் போனதைச் சொல்கிறேன். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் ஜீன் செடிக்குள் இருக்கிறது. இலையைக் கடித்த புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். புழு தின்பதை நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். நம் வயிறு அமிலம். அந்தப் புரதம் ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் கிடையாது. இந்தச் செடியை மேய்ந்தால் ஆடு செத்துவிடும் என்று ஆந்திரா பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் ஊரில் பருத்தி எடுத்து முடிந்த கொல்லையில் வருஷா வருஷம் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். ஆடு நன்றாகத்தான் இருக்கிறது.

முக்கியமான விஷயம், பச்சைப்புழு இன்றுவரை திரும்பி வரவில்லை. இத்தனை வருஷம் ஒரு தொழில்நுட்பம் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருப்பது சாதாரணமில்லை. நான் வாங்கிய மோட்டார் பம்ப் ஒன்றுகூட அப்படி உழைத்ததில்லை.

சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பற்றி நீட்ட மாட்டேன். தத்துப்பூச்சி, அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ எதற்கும் பி.டி. கேட்காது. கேட்கும் என்று விஞ்ஞானிகள் சொன்னதும் இல்லை. ஆனால் கடையில் விற்றவர்கள் "மருந்தே வேண்டாம்" என்றார்கள். இலை ஓரம் மஞ்சளாகி, சிவந்து, கிண்ணம் கவிழ்த்த மாதிரி சுருண்டபோது அதே கடைக்குத்தான் மருந்து வாங்கப் போனோம்.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

பச்சைப்புழு முரடன், வந்தால் தெரியும். இது வருவதே தெரியாது. பூக்கும் காலத்தில் விடியற்காலை போய்ப் பார்த்தால் சில பூக்கள் மட்டும் விரியாமல், இதழ்களை நூலால் கட்டியது போல முறுக்கிக்கொண்டு நிற்கும். பிரித்தால் உள்ளே நெல்லைவிடச் சின்னதாக ஒரு புழு. அப்போது பிடித்தால் உண்டு. காய்க்குள் போய்விட்டால் நுழைந்த ஓட்டையும் மூடிக்கொள்ளும். வெளியே காய் பச்சையாக, கொழுகொழுவென்று, படம் எடுத்துப் போடலாம் போல இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பிளந்தால் ஒரு சுளை வெள்ளையாக இருக்கும், பக்கத்துச் சுளை பழுப்பேறி ஈரமாகக் கட்டிப் போயிருக்கும். கொட்டைக்குள் அது உட்கார்ந்திருக்கும். அந்தக் காய் முழுசாக வெடிக்காது. பாதி வெடித்த காயிலிருந்து பஞ்சைப் பிய்த்து எடுக்க எடுப்பாட்களுக்கு நேரம் இரட்டிப்பு, கூலியும் அதற்கேற்ப. கறை விழுந்த பருத்தியை ஏலத்தில் எடுத்தவர் கையில் வைத்து ஒரு முறை பார்த்துவிட்டுக் கீழே போடும் விதம் இருக்கிறதே, அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இதையும் கொல்லத்தானே பி.டி. வந்தது? ஆமாம். ஆரம்பத்தில் கொன்றது. முதல் ஜீனுக்குக் குஜராத்தில் இந்தப் புழு தப்பிப் பிழைப்பதை விதை ஜீனின் சொந்தக்காரர்களே 2010ல் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் 2006லேயே இரண்டு ஜீன் வைத்த பி.ஜி. 2 வந்திருந்தது. எல்லோரும் அதற்கு மாறினோம். 2015 வாக்கில் அதுவும் குஜராத்தில் தோற்றது. 2017ல் மகாராஷ்டிராவில் பெரிய நாசம். புழுவும் பூச்சியும் சேர்ந்து மறுபடி மருந்து டேங்கைத் தோளில் ஏற்றின. அந்த வருஷம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்து விஷம் ஏறி 20 பேருக்கு மேல் செத்தார்கள். வேலியில் தனியாகத் தொங்கிய அப்பாவின் சட்டைதான் எனக்கு அன்றைக்கு ஞாபகம் வந்தது.

பச்சைப்புழு ஏன் தப்பவில்லை, சிவப்பு ஏன் தப்பியது? பச்சைப்புழு துவரை தின்னும், கொண்டைக்கடலை தின்னும், தக்காளி, மக்காச்சோளம் எல்லாம் தின்னும். விஷமே இல்லாத பயிரில் வளர்ந்த புழுக்கள் அந்துப்பூச்சிகளாகி ஊர் முழுக்க இருக்கும். பருத்தியில் தப்பிய ஒன்றிரண்டு அவற்றோடு சேர்ந்துவிடும், தப்பும் குணம் கரைந்துபோகும். இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் அநேகமாக வேறு போக்கிடம் கிடையாது. தப்பியது தப்பியதோடுதான் சேரும்.

தப்பியதோடு சேர விஷம் தின்னாத பூச்சியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அந்தக் காலத்தில் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனியாக வைத்துக் கொடுத்தார்கள். சுற்றிலும் ஐந்து வரிசை போட வேண்டும். எங்கள் ஊரில் யாரும் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எப்படிப் போடுவான்? "புழு தின்பதற்காக ஐந்து வரிசை விடு" என்று ஒன்றரை ஏக்கர்காரனிடம் துண்டுச்சீட்டில் சின்ன எழுத்தில் சொன்னால் போதுமா? எதற்கு என்று விளக்க ஒரு ஆளும் கொல்லைக்கு வந்து நின்றதில்லை. இப்போது அந்த விதையைப் பாக்கெட்டுக்குள்ளேயே கலந்து கொடுக்கிறார்கள். நல்லது, இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆனால் எனக்கு உண்மையான எரிச்சல் புழு மேலும் இல்லை, அந்த 120 கிராம் மேலும் இல்லை. ஒட்டு ரகம் மேல்தான். அமெரிக்காவில் இதே ஜீனைச் சாதாரண ரகத்தில் வைத்தார்கள். அதோடு மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டு, 2018ல் தங்கள் பருத்திப் பகுதிகளில் இளஞ்சிவப்புப் புழுவே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதே ஜீன், அதே புழு. இங்கே தனியார் கொடுத்தது எல்லாம் ஒட்டு. ஒட்டுச் செடி ஐந்து, ஆறு மாதம் நிற்கும், பூத்துக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏறச் செடியில் விஷத்தின் அளவு குறையும். புழுவோ கடைசி மாதங்களில்தான் பெருகும். போதாக்குறைக்கு, ஒட்டுச் செடியின் காய்க்குள் இருக்கும் கொட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஜீன் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், நாலு கொட்டைக்கு ஒன்றில் அது இருக்காது. இரண்டு ஜீன் என்றால் ஒரே காய்க்குள் இரண்டும் உள்ள கொட்டை, ஒன்று மட்டும் உள்ளது, எதுவும் இல்லாதது என்று கலவையாகக் கிடக்கும். கொட்டை தின்னும் புழுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைக் கொடுத்துப் பழக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை யோசித்தே செய்திருக்க முடியாது.

அப்பா காலத்தில் எம்.சி.யு. 5, எல்.ஆர்.ஏ. 5166 என்ற சாதாரண ரகங்களைப் போட்டோம். கொட்டையைச் சாணியில் புரட்டிக் காயவைத்து அடுத்த வருஷம் விதைக்கலாம். அந்த மாதிரி ரகத்தில் இந்த ஜீனை வைத்துக் கொடுத்திருந்தால்? அரசு ஆராய்ச்சியில் ஒரு முறை செய்தார்கள், பிகானேரி நர்மா பி.டி. என்று 2009ல் வந்தது. அதற்குள் இருப்பது கம்பெனியின் ஜீன்தான் என்ற சர்ச்சையில் வந்த வேகத்தில் போனது. ரகத்தில் ஜீன் வந்தால் விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்வோம், ஒட்டில் வந்தால் வருஷா வருஷம் கடைக்குப் போவோம். ஏன் ஒட்டு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

நியாயமாக நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். புழு அடுத்த வருஷத்துக்குத் தங்குவது நம் வீட்டில்தான். தை, மாசியோடு எடுப்பு முடிந்தாலும், கோடை மழை வந்தால் இன்னும் நாலு காய் வருமே என்று செடியை விட்டு வைப்போம். அப்புறம் பருத்திமாரை, அதாவது காய்ந்த செடியை, பிடுங்கி அடுப்புக்கு ஆகும் என்று வீட்டுக்குப் பின்னால் குவிப்போம். காய்ந்த மாரில் வெடிக்காத காய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள்: இரண்டு கொட்டைகளைச் சேர்த்து ஒட்டி, நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். ஆவணியில் நாம் விதைக்க, அது எழுந்து வரும். காஸ் அடுப்பு வந்த பிறகும் மார்க்குவியல் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. வெந்நீருக்கு வேண்டுமாம்.

களை பற்றி மச்சான் தனியாகக் கேட்டார். களைக்கொல்லி தாங்கும் பருத்தி வந்திருக்கிறதாமே, கிளைபோசேட் அடித்தால் களை மட்டும் சாகுமாமே என்று. இருக்கிறது, இந்தியாவில் அனுமதி இல்லை. வடக்கே திருட்டுத்தனமாக நிறைய ஓடுகிறது. 2019ல் அகோலா மாவட்டத்தில் விவசாயிகள் பகிரங்கமாகவே விதைத்துப் போராட்டம் நடத்தினார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. களை வெட்ட ஆள் கிடைக்காமல் புரட்டாசி மழைக்குப் பிறகு கொல்லையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குத்தான் அந்த ஆசை புரியும். ஆனால் திருட்டு விதைக்கு பில் கிடையாது, முளைக்காவிட்டால் கேட்க நாதி கிடையாது, உள்ளே புழுவைக் கொல்லும் ஜீன் ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அப்புறம், நம் ஊர் வரப்பில் துவரையும் உளுந்தும் ஊடுபயிராக நிற்கும். மேலே அடித்தால் அதுவும் சேர்ந்து போகும்.

விலை பரவாயில்லை. ஆரம்பத்தில் ஒரு பாக்கெட் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கும் மேல் விற்றார்கள். 2006ல் ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகு 750க்கு இறங்கியது. இப்போது மத்திய அரசே வருஷா வருஷம் உச்சவிலை நிர்ணயிக்கிறது, 2024ல் 864 ரூபாய். செலவில் விதை ஒரு மூலைதான். களையும் எடுப்பும்தான் ஆளைத் தின்கிறது.

சரி, தீர்ப்பு. பச்சைப்புழுவை ஒழித்தது, அப்பா தலைமுறை குடித்த விஷத்தை எங்களுக்குக் குறைத்தது. இந்த நாட்டில் சாகுபடியில் இருக்கும் ஒரே மரபணு மாற்றுப் பயிர் இதுதான், அது வெற்றிதான். இதெல்லாம் சொன்ன பிறகும் சொல்கிறேன்: மச்சான், இந்த வருஷம் பி.டி. போடாதீங்க. முதல் வருஷமே சிவப்புப் புழுவிடம் மாட்டினால் நீங்கள் திருப்பூருக்கே திரும்பிவிடுவீர்கள். மக்காச்சோளம் என்று ஓடவும் வேண்டாம், அதில் 2018லிருந்து படைப்புழு. குருத்துக்குள் மருந்து விட்டே கை சலித்துவிடும். பருத்தியேதான் வேண்டும் என்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 17 மாதிரிக் குறுகிய காலச் சாதாரண ரகத்தைக் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள், வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேளுங்கள். அதில் பச்சைப்புழு வராதா என்றால், வரலாம். பார்த்து அடிக்க வேண்டியதுதான்.

நான் என்ன போடுகிறேன் என்று கேட்டால், பி.ஜி. 2தான். பழகிவிட்டது, பச்சைப்புழுவை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. சொன்னதைக் கேட்காமல் நீங்களும் அதையே வாங்கப் போகிறீர்கள் என்றால், சீக்கிரம் முதிரும் ஒட்டாகக் கேளுங்கள், பில் வாங்குங்கள். பூக்க ஆரம்பித்ததும் ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணைப் பிடிப்பது) வையுங்கள், ஒரு பொறியில் ஒரு ராத்திரிக்கு எட்டு அந்துப்பூச்சி என்று மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். மாசி முடிவதற்குள் செடியைப் பிடுங்கிவிடுங்கள். மாரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.