பள்ளத்தூர் மூச்சுப் பயிற்சி வகுப்பு: காரைக்குடியிலிருந்து போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஊருக்குள்ளேயே யோகா வகுப்புகள் இருக்கும்போது பள்ளத்தூருக்கு எதற்குப் பஸ் ஏற வேண்டும் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் உள்கட்டான வளவில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் காலை ஐந்தரைக்கு வகுப்பு. நடத்துகிற ஆச்சிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முதல் வாரம் பிராணாயாமமே கிடையாது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேராக இருக்கும் வீடு அது. எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, "காத்து எங்க படுதுன்னு மட்டும் பாருங்க" என்பார். பிடரியில் படும், அப்புறம் முழங்கையில். ஐம்பூதங்களில் ஆகாயத்துக்கு ஓசை மட்டும்தான் குணம். வாயுவுக்கு ஓசையோடு ஊறும், அதாவது தொடு உணர்வும் உண்டு, அதனால் கண்ணுக்குச் சிக்காதது தோலுக்குச் சிக்குகிறது என்று அப்போதுதான் விளக்குவார். உடம்பில் பட்ட பிறகு கேட்டதால் எனக்கு அது மறக்கவே இல்லை.

அடுத்து, புறங்கையை மூக்கடியில் வைத்துப் பார்க்கச் சொல்வார். ஒரு பக்கம் தாராளமாக ஓடும், மறுபக்கம் லேசாக. இடது மூக்கில் ஓடும் இடகலை, வலது மூக்கில் ஓடும் பிங்கலை பற்றிய பேச்சு இங்கிருந்து தொடங்குகிறது. பிராணன் நெஞ்சில், அபானன் அடிவயிற்றில், சமானன் தொப்புளில், உதானன் தொண்டையில், வியானன் உடம்பெங்கும் என்று உடம்புக்குள் இயங்கும் ஐந்து வாயுக்களையும் அந்தந்த இடத்தில் கை வைத்தே சொல்லித் தருகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய நிதானம். திருமந்திரம் சொல்கிற கணக்கு 16 மாத்திரை நேரம் மூச்சை இழுத்து (மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேர அளவு), 64 நிறுத்தி, 32 விடுவது. முன்பு நான் போன வேறொரு வகுப்பில் வந்த அன்றைக்கே மூச்சை நிறுத்தச் சொன்னார்கள், தலை சுற்றிவிட்டது. இங்கே 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடுவதோடு சரி. மூச்சை நிறுத்தும் கும்பகம் வெகுநாள் கழித்துத்தான், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

ஒரு குறை உண்டு. கையில் தரும் தாளில் வாயுவின் அடையாளங்களான அறுகோணம், யகர எழுத்து, நெஞ்சுச் சக்கரமான அனாகதம் எல்லாம் விளக்கமே இல்லாமல் அச்சாகியிருக்கின்றன. புதிதாக வருபவர்கள் குழம்புகிறார்கள். ஆச்சி அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கலாம்.

கட்டணம் மாதம் 600 ரூபாய். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை விடியற்காலையில் ஜில்லென்று இருக்கும், கனமான ஜமுக்காளம் கொண்டுபோங்கள். முட்டி வலி இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நாற்காலி போட்டுத் தருவார்கள்.