ஏற்காட்டில் இலவச தியான முகாம் என்று கூப்பிட்டால், போவதற்கு முன் இதைப் படியுங்கள்

சேலத்துக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மூன்று நாள் தியானம், தங்க இடம், சாப்பாடு, ஒரு பைசா தர வேண்டாம் என்று கூப்பிடுவார்கள். நோட்டீஸ் எல்லாம் இருக்காது, தெரிந்த ஆள் மூலமாகத்தான் வரும். என்னிடம் வந்தது செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து கொலுசு பற்றவைக்கிற நண்பன். நல்லவன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன், அவனும் ஏமாந்தவன். அந்த இடத்தின் பெயரைப் போட வக்கீல் வேண்டாம் என்கிறார், அதனால் கேட்காதீர்கள்.

நான்கு வருடம் இருந்தேன். ரொக்கமாகப் போனது 2,80,000 ரூபாய், ரசீது ஒன்றுகூடக் கிடையாது. அக்காவின் ஐந்து பவுன் சங்கிலி தனி. அக்காவைக் கூட்டிப்போனதே நான்தான், அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

"பிடிக்கலைன்னா வந்துட வேண்டியதுதானே, கோயிலுக்குப் போறதை நிறுத்துற மாதிரி" என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் தாத்தா அப்படி நிறுத்தியவர். 1944ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு நம்ம சேலத்தில்தான் நடந்தது, பையனாக வேடிக்கை பார்க்கப் போனவர் அப்புறம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பாட்டி வருஷா வருஷம் ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார், தாத்தா திட்டிக்கொண்டே இரண்டு கரண்டி கூடுதலாகப் போடச் சொல்வார். அவர் செத்தபோது தெருவே வந்தது. எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்லவில்லை. மதத்தை விட்டதற்காகக் கோவையில் ஃபாரூக்கை 2017 மார்ச்சில் வெட்டிக் கொன்றார்கள், வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டு ஊர்ப்பக்கமே வர முடியாதவர்களும் உண்டு. ஆனாலும் சாதாரணமாகக் கோயில், சர்ச் என்று போகிறவர் சாமியை விட்டால் பொதுவாக சாமி மட்டும்தான் போகும். வேலை, வீடு, சிநேகிதம் எல்லாம் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

இங்கே அந்த எல்லாவற்றையும் மெதுவாக மலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். முதல் வருடம் ஞாயிறு மட்டும். அப்புறம் பட்டறை வேலையை விட்டு அவர்களுடைய காப்பித் தோட்டத்துக் கணக்கு பார்த்தேன், சம்பளத்துக்குப் பெயர் "பிரசாதம்". பழைய நண்பர்களோடு பேசினால் மனது அழுக்காகும் என்றார்கள், நானும் பேசவில்லை. விட்டுப்போனவர்களுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, "இறங்கினவர்". இறங்கினவரிடம் பேசினால் பேசியவருக்கு ஏழு நாள் மௌனம். எந்தக் கோயிலிலோ சர்ச்சிலோ, போன மாதம் வராமல் போனவரோடு டீ குடிக்காதே என்று உங்களுக்கு உத்தரவு போட்டார்கள்?

எல்லாவற்றையும் விட மோசம் அந்த நீல நோட்டு. கோடு போட்ட 80 பக்கம், அட்டையில் நம் பெயர். தினமும் ராத்திரி அன்றைக்குச் செய்த, நினைத்த தப்பையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், காலையில் பச்சை மையில் டிக் அடித்து வரும். நிரம்பிய நோட்டு திரும்பி வராது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பழக்கம், அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்த பணம், எல்லாம் எழுதினேன். ராபர்ட் லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவில் மனமாற்றச் சிறைகளிலிருந்து வந்தவர்களிடம் பேசி இப்படிப்பட்ட இடங்களுக்கு எட்டு அடையாளம் சொன்னார், 1961லேயே. அதில் ஒன்று இந்த ஓயாத பாவ அறிக்கை. எனக்கு அது தெரியவந்தது இறங்கின அப்புறம்தான்.

போகிறேன் என்று சொன்ன அன்று யாரும் தடுக்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது எண் குறைந்துகொண்டே வரும். பதினாறு என்று எழுதிய கல்லைத் தாண்டும்போது போன். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை, என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைத் தேதியோடு நிதானமாக வாசித்தார்கள். வாசித்தது என் நண்பன். வைத்துவிட்டான். நான் அந்தப் பேச்சைப் பதிவு செய்யவில்லை. உங்களுக்கு வந்தால் செய்யுங்கள்.

இனி சொத்து விஷயம். அயோத்தியாப்பட்டணத்தில் அப்பா விட்டுப்போன மனை எனக்கும் அக்காவுக்கும் பொது. என் பாகத்தை அவர்கள் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிவாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 16, ஒருவருடைய மனதைத் தன் பிடியில் வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தி எழுதி வாங்கினால் ரத்து கேட்கலாம். மறுமையில் நன்மை என்று சொல்லி குரு ஒருவர் பக்தரின் சொத்து முழுவதையும் எழுதி வாங்கிய வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 1890லேயே அந்தப் பத்திரம் செல்லாது என்றது. ஆனால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். எனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, வழக்குக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா இன்னும் மேலேதான். என் நம்பரைத் தடுத்துவிட்டார், ஆடிக்குப் பொங்கல் கொடுத்தனுப்பினேன், தூக்குப்போசி அப்படியே திரும்பி வந்தது. அவர் பாகத்துக்கு மாதம் ஒருமுறை பத்திரப்பதிவில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறேன், அவரைப் பற்றி எனக்குத் தெரியவரும் சேதி இப்போது அது ஒன்றுதான். இந்த மாதம் வரை கையெழுத்து எதுவும் ஏறவில்லை.