கரகரத்த பவர் சப்ளையும் அதற்கு வந்த மாற்றும்

ஆறு ஆண்டுகள் உழைத்த என் 550 வாட் பவர் சப்ளை (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), சில மாதங்களாகக் காலையில் கணினியை இயக்கியதும் கரகரவென்று சத்தமிட்டுப் பத்து நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று நானும் விட்டுவைத்தேன். கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஓர் அட்டைக்குழலைக் காதில் வைத்து ஒவ்வொரு விசிறியாக ஒட்டுக்கேட்டபோதுதான் குற்றவாளி பவர் சப்ளையின் விசிறி என்பது உறுதியானது.

மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் ஓசையின் தன்மையே சொல்லிவிடும். கேம் ஆடும்போது மட்டும் கீச்சென்று மெல்லிய ஒலி எழுந்தால் அது உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (coil) அதிர்வது. காதுக்கு எரிச்சலே தவிரக் கருவிக்குக் கேடில்லை. குளிர்ந்திருக்கும்போது கரகரத்துச் சூடேறியதும் அடங்கினால், பேரிங்கில் எண்ணெய்ப்பசை வற்றுகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த விசிறி நின்றுபோனால் உள்ளே வெப்பம் ஏறும். உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மின்பகு கெபாசிட்டர்களின் ஆயுளோ ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். விசிறியை மட்டும் மாற்றலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும் என்பதால் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

புதிதாக வாங்கியது ஃபுளூயிட் பேரிங் விசிறி கொண்ட 650 வாட், 80 பிளஸ் கோல்டு ரகம். 80 பிளஸ் என்பது, உள்ளே இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதற்கான தரச்சான்று. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், பழையதன் வெண்கலத் (Bronze) தரத்துக்குக் குறைந்தது 85 சதவீதத் திறனும் கோல்டுக்கு 90 சதவீதமும் வேண்டும். இந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால், 250 வாட் வழங்கும்போது பழையது ஏறத்தாழ 44 வாட்டையும் புதியது 28 வாட்டையும் வெப்பமாக வீணாக்கும். வெப்பம் குறைவதால் விசிறிக்கும் வேலை குறைவு. நான் எழுதிக்கொண்டிருக்கும் நேரங்களில் அது சுழல்வதே இல்லை. இத்தனை நாள் கேட்காத ஹார்ட் டிஸ்க்கின் முனகல் இப்போது தெளிவாகக் கேட்கிறது என்பது வேறு கதை.

குறை இல்லாமல் இல்லை. பவர் சப்ளைப் பக்கத்தில் கேபிள்களின் இணைப்பு ஊசிகள் (pin) அமைந்த வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பழைய கேபிள் பொருந்துகிறதே என்று செருகினால் டிஸ்க் எரிந்துபோகலாம். ஆகவே எல்லாக் கேபிள்களையும் உருவிப் புதிதாக இழுத்துக் கட்டவேண்டியிருந்ததில் ஒரு மாலைப்பொழுது போயிற்று. கேம்களின் மெனுத் திரையில் கீச்சொலியும் லேசாகக் கேட்டது; ஃபிரேம் வேகத்தை நொடிக்கு 60 படங்களுக்குக் கட்டுப்படுத்தியதும் அதுவும் நின்றுவிட்டது.