பாலிப் பயணத்துக்கு முன்: வெளியுறவு அமைச்சின் பயணப் பதிவுச் சேவை

விடுமுறைக்குப் பாலிக் கடற்கரைகளுக்குப் புறப்படும் குடும்பங்களை, தேதியும் இடமும் இல்லாத வாட்ஸ்அப் எச்சரிக்கைகள் கலங்கடிக்கும் வேளையில், சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனைப் பக்கமும் இலவசப் பயணப் பதிவும் மிகுந்த நம்பிக்கை தருகின்றன. 2024 நவம்பரில் லெவோதோபி எரிமலைச் சாம்பலால் பாலி விமானங்கள் பல ரத்தாயின. ஆனால் எரிமலை வெடித்தது பாலியில் அல்ல, வெகு தொலைவிலுள்ள ஃபுளோரஸ் தீவில். இந்த வேறுபாட்டை அறிய, தேதியிட்ட அதிகாரபூர்வ அறிவிப்பே வேண்டும். பயண விவரங்களைப் பதிந்துவைத்தால், நெருக்கடி நேரத்தில் அமைச்சு நம்மைத் தொடர்புகொள்ள இயலும்; பெற்றோரைத் தனியே அனுப்புவோர் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். அறிவிப்புகள் தமிழிலும் வந்தால் அவர்களே படித்துக்கொள்வார்கள். பாலியிலுள்ள கூட்டா கடற்கரையில் நீந்துவோரைக் கடலுக்குள் இழுத்துச்செல்லும் நீரோட்டம் அன்றன்று மாறுவதால், அதற்கு அங்குள்ள சிவப்புக் கொடிகளையும் உயிர்காப்பாளர்களின் சொல்லையுமே பின்பற்ற வேண்டும்.