ஜிக்பீ சிக்னல் வீடு முழுக்கப் பரவ: சென்னை வீடுகளில் நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

ஸ்மார்ட் ஸ்விட்ச், கதவு சென்சார், தொட்டித் தண்ணீர் அளவு காட்டும் கருவி என்று எல்லாவற்றையும் ஜிக்பீயில், அதாவது ஸ்மார்ட் கருவிகள் தங்களுக்குள் பேசும் குறைந்த பவர் வயர்லெஸ் முறையில், இணைத்த வீட்டில், மாடி அறை சென்சார்கள் திடீரென்று ‘ஆஃப்லைன்’ ஆனால் பலரும் முதலில் தேடுவது பெரிய ஆன்டெனா வைத்த டாங்கிள், அதாவது கம்ப்யூட்டரில் செருகி ஜிக்பீ கருவிகளோடு பேசும் யுஎஸ்பி குச்சி. அதனால் பாதிப் பிரச்சினைதான் தீரும். 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் டாங்கிள் சத்தமாகப் பேசும். காயின் பேட்டரியில் ஓடும் சென்சார் சில மில்லிவாட்டில்தான் பதில் சொல்லும். அந்தப் பதில் வந்து சேர, நடுவே அதை வாங்கிக் கடத்தும் ஜிக்பீ ரௌட்டர் வேண்டும் (இன்டர்நெட் ரௌட்டர் அல்ல).

ரௌட்டராக நிற்பது நேரடி மின்சாரத்தில், நியூட்ரலோடு ஓடும் பிளக், பல்பு, ரிலே (ஸ்விட்ச் போர்டுக்குள் பதிக்கும் சின்ன ஸ்மார்ட் ஸ்விட்ச்). பேட்டரிக் கருவி எதுவும் அடுத்ததன் செய்தியைக் கடத்தாது. நியூட்ரல் வேண்டாத ஸ்விட்சுகளும் பெரும்பாலும் கடத்தாது. நம் ஊர் ஸ்விட்ச் போர்டில் 5 ஆம்ப் சாக்கெட் ஒன்று இருந்தால் நியூட்ரலும் அங்கேயே இருக்கும், ஆகவே நியூட்ரல் உள்ள ரிலேயையே வாங்குங்கள்.

இதைவிட முக்கியம், அந்த ரௌட்டர் எந்த லைனில் இருக்கிறது என்பது. நம் வீடுகளில் லைட், ஃபேன் இன்வெர்ட்டர் லைனிலும், ஏசி, கீசர், வாஷிங் மெஷின் நேரடி இபி லைனிலும் இருக்கும். ஏசியின் 16 ஆம்ப் பாயின்டில் மாட்டிய ஸ்மார்ட் பிளக் நல்ல ரௌட்டர்தான், கரன்ட் போகும் வரை. போனதும் அதைப் பிடித்திருந்த சென்சார்கள் அநாதையாகும். சில வேறு ரௌட்டரைத் தேடிப் போகும். சில பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும், கையால் மறுபடி இணைத்தால்தான் வரும். ஓயாமல் தேடும் சென்சாரில் பேட்டரியும் சீக்கிரம் காலி. மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸ் மட்டும் போனாலும் இதே கதைதான். எனவே தளத்துக்கு இரண்டு ரௌட்டராவது இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். பிறகு ஒரு மதியம் மெயின் ஸ்விட்சை அரை மணி நேரம் அணைத்து, எந்த சென்சார் பதில் சொல்லவில்லை என்று பாருங்கள். அடுத்த ரௌட்டர் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

ஸ்மார்ட் பல்பை ரௌட்டராக நம்புவது வீண். யாராவது சுவர் ஸ்விட்சைத் தட்டினால் அதுவும் செத்துவிடும். ஸ்விட்சுக்குப் பின்னால் பதிக்கும் ரிலேக்கு எப்போதும் கரன்ட் இருக்கும். விளக்கு அணைந்தாலும் அது விழித்திருக்கும். ஆனால் சுவருக்குள் பதித்த பாக்ஸ் இரும்புத் தகடு என்றால், சிக்னல் முன்பக்க பிளாஸ்டிக் வழியே மட்டும்தான் வெளியேறும். சில ரிலேக்களில் நூல் போல ஒரு ஏரியல் வயர் தொங்கும். எலக்ட்ரீஷியன் அதைச் சுருட்டி மற்ற வயர்களோடு உள்ளே திணித்துவிடுவார். மெயினை அணைத்துவிட்டு, அதை எந்த டெர்மினலிலும் படாமல் முன்தகட்டின் உட்பக்கம் நேராக நீட்டி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் துளைத்து மாடிக்குப் போவது சிக்னலுக்குக் கஷ்டம். மாடிப்படித் திறப்புதான் எளிய வழி. படி விளக்குக்கான டூ-வே ஸ்விட்ச் போர்டில், டூ-வேக்கு ஏற்ற ரிலே ஒன்று வைத்தால் இரு தளத்துக்கும் பாலம் கிடைத்துவிடும். அறைக்குள் பெரிய எதிரி இரும்பு பீரோ. அதன் பின்சுவரில் இருக்கும் பிளக் பாயின்டில் ரௌட்டரை வைக்காதீர்கள்.

மொட்டை மாடித் தொட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். தண்ணீர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக விழுங்கும். தொட்டி காலியாக இருக்கும்போது வேலை செய்த சென்சார், நிரம்பியதும் காணாமல் போவது இதனால்தான். ஹெட்ரூம், அதாவது மாடிப்படி முடியும் அறையின் விளக்கு போர்டில் ஒரு ரிலே வையுங்கள். சென்சார் பெட்டி அதைப் பார்த்தபடி, இரண்டுக்கும் நடுவே தொட்டி வராத பக்கம் இருக்கட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்று பேட்டரி முனைகளை அரித்துவிடும். அங்கே ரப்பர் கேஸ்கெட் வைத்த, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டி இல்லாமல் வெளியில் எதையும் மாட்டக் கூடாது.

டாங்கிளை கம்ப்யூட்டரின் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகுவதும் பரவலாக நடக்கிறது. யுஎஸ்பி 3 போர்ட்டும் அதில் இணைத்த எஸ்எஸ்டியும் 2.4 ஜிகாஹெர்ட்ஸிலேயே இரைச்சல் கிளப்பும். ஒரு மீட்டருக்குக் குறையாத யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வையுங்கள். இத்தனை வேலையிலும் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

ஜிக்பீ எந்த சேனலில் பேச வேண்டும் என்ற தேர்வை முதல் நாளே முடித்துவிட வேண்டும். அடுக்ககங்களில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் 1, 6, 11 சேனல்களில் நெருக்கியடிக்கும். ஜிக்பீ 15, 20 அந்த இடுக்குகளில் விழும். 25 வைஃபை 11-க்கும் மேலே இருக்கும். 26 இன்னும் ஒதுங்கியது என்றாலும் சில கருவிகள் அதில் குறைந்த பவரில்தான் பேசும், ஆகவே 25 நல்லது. பின்னால் மாற்றினால் பல கருவிகளை மறுபடி இணைக்க வேண்டிவரும். உங்கள் வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 என்றால் ஜிக்பீக்கு மிச்சம் மிகக் குறைவு.

இணைக்கும் வரிசையும் உண்டு: முதலில் ரௌட்டர்கள், மறுநாள் சென்சார்கள், அதுவும் அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து. ஹாலில் உட்கார்ந்து மொத்தமாக இணைத்துவிட்டு மாடிக்கு எடுத்துப் போனால், சில சென்சார்கள் ஹால் ரௌட்டரையே விடாது.

வைஃபை பிளக்குகள் கலந்திருந்தால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸோடு ஒரே பெயரில் இருக்கும்போது பல பிளக்குகள் முதல் இணைப்பிலேயே திணறும். பிளக் இருக்கும் இடத்தில் வைஃபை சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே போனால் அடிக்கடி அறுபடும். இன்டர்நெட் ஃபைபர் ரௌட்டரை வாசல் பரணில் விட்டுவிடாமல், கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து வீட்டு நடுவில் வைஃபை பரப்பும் ஒரு அக்சஸ் பாயின்ட் வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம், ஜிக்பீ போன்ற இன்னொரு வயர்லெஸ் முறையான இசட்-வேவ் கருவி சொல்லிவிடாதீர்கள். அங்கே அது 908.4 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865.2, இரண்டும் பேசிக்கொள்ளாது. ஜிக்பீ எங்கும் ஒரே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்பதால் சென்சார்களை வாங்கி வரச் சொல்லலாம். பிளக், ரிலே என்றால் 230 வோல்ட் தாங்குமா என்று லேபிளில் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.