எட்டாம் வகுப்பில் ஒரு அரசு அறிக்கை: நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019

வட்ட விளக்கப்படம் நடத்த இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அறிக்கை. 2019 ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை நாடு முழுக்க ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், ஒரு நாளில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்டுத் தொகுத்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுசாக அச்செடுக்க வேண்டாம், நான் நான்கு பக்கம்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஒரு நாளுக்கு 1440 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. அப்படியென்றால் ஒரு பாகைக்குச் சரியாக நான்கு நிமிடம். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால், "அம்மா வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது பாதி வகுப்பு, "சும்மாதான் இருக்காங்க மிஸ்" என்றது.

அறிக்கையில் இருப்பதுபோலவே அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு நிரப்பி வரச் சொன்னேன். முதலில் "அம்மாவின் நாள்" என்றுதான் தலைப்புக் கொடுத்தேன், அது தப்பு. பாட்டியோடு இருக்கும் ஒரு பையன் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். "வீட்டில் அதிகம் வேலை செய்கிறவரின் நாள்" என்று மாற்றிய பிறகு அவன் தன் நாளையே எழுதி வந்தான். தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம்.

இன்னொரு பெண்ணின் நோட்டு ஆறரை மணிக் கட்டத்தில் நின்றுபோயிருந்தது. "குழம்பு கொதிக்கிறப்பவே தம்பிக்குத் தலை வாரி விடுறாங்க மிஸ், இதை எதுல எழுதுறது?" என்றாள். கணக்கெடுப்பாளர்களுக்கும் இதே சிக்கல்தான். ஒரே அரை மணிக்குள் பல வேலை நடந்தால் அவற்றையும் குறித்துக்கொண்டு, முக்கியமானது எது என்று கேட்கிறார்கள். ஆனால் பத்து நிமிடத்துக்குக் குறைந்தது பதிவாவதில்லை. வாசல் தெளித்து அவசரமாக இழுக்கும் கோலம் எந்த அட்டவணையிலும் வராது. இந்த அறிக்கையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

அப்புறம் முக்கியமான அட்டவணைக்கு வந்தோம். ஊதியமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். "பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்றாங்களே" என்றார்கள் பையன்கள். அங்கேதான் பாடமே இருக்கிறது. அந்த 97 நிமிடம், அன்றைக்கு வீட்டு வேலை செய்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. செய்தவர்கள் நூற்றுக்கு 26.1 பேர்தான். பெண்களில் 81.2 பேர். எல்லோரையும் சேர்த்துச் சராசரி போட்டால் ஆணுக்கு 25 நிமிடம், பெண்ணுக்கு 243. வட்டத்தில் வரைந்தபோது பெண்ணின் துண்டு 61 பாகை வந்தது. ஆணின் துண்டு ஆறு பாகை. பாகைமானியை வைத்துப் புள்ளி குத்தவே இடம் போதவில்லை. சராசரி என்றதும் "யாருடைய சராசரி?" என்று கேட்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் ஒருநாளும் நடத்தியதில்லை.

மகளிர் உரிமைத்தொகை பற்றிய கணக்கைப் பிள்ளைகள்தான் ஆரம்பித்தார்கள். மாதம் 1000 ரூபாய். 243 நிமிடத்தை முப்பது நாளுக்குப் பெருக்கினால் 121.5 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 8 ரூபாய் 23 காசு. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 336 ரூபாய், எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. உதவித்தொகை என்றில்லாமல் உரிமைத்தொகை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அந்தப் பேச்சு அடுத்த பீரியடையும் எடுத்துக்கொண்டது. தமிழாசிரியர் கோபித்துக்கொள்ளாமல் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

மற்ற குறைகள்: தமிழில் இல்லை, அட்டவணைத் தலைப்புகளை நானே கரும்பலகையில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மாவட்ட வாரியான எண்கள் கிடையாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது தனி அட்டவணை. அதை 299-உடன் அப்படியே கூட்டிவிடாதீர்கள், இரண்டிலும் பங்கேற்றவர்கள் வேறு வேறு.

2024க்கான அறிக்கையும் வந்துவிட்டது. அதில் பெண்கள் 289, ஆண்கள் 88. கழித்துப் பார்த்தால் இடைவெளி 202லிருந்து 201 ஆகியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் 3.1 மடங்காக இருந்தது 3.3 மடங்காகியிருக்கிறது. நிலைமை மாறியிருக்கிறதா, மாறவில்லையா, எந்தக் கணக்கை நம்புவது? ஜூனில் வரும் புது எட்டாம் வகுப்புக்கு முதல் கேள்வியாக இதை எடுத்து வைத்திருக்கிறேன்.